ஐந்தாவது நட்டு

இது நடந்தது. தேதி, கிழமை, மணி எல்லாம் நசீமாவிடம் இருக்கிறது. 2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. நம்ப மறுப்பவர்கள் அவள் கணவன் மீரான் மைதீனின் இடது தோளைப் பார்க்கலாம். இன்றைக்கும் அந்தக் கை காதுக்கு மேலே எழும்பாது. ஒரு பொய்க்காக யாரும் தோளைக் கழற்றிக்கொள்ள மாட்டார்கள்.

கடையநல்லூரிலிருந்து வந்து வெஸ்ட் வின்ட்சரில் எட்டு வருஷமாக இருக்கிற குடும்பம். மீரானுக்கு சாஃப்ட்வேர் வேலை. நசீமா பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறி நியூயார்க் போய் வருபவள். அதற்கு முந்தின குளிர்காலத்தில் அந்த ஸ்டேஷன் பார்க்கிங்கிலேயே அவள் கார் வழுக்கியது. வேகம் பதினைந்து மைல்தான். பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. விளக்குக் கம்பத்தில் போய் மோதியது. ஸ்டியரிங்கில் வாய் இடித்து உதடு இரண்டாகக் கிழிந்தது. ஐந்து தையல்.

அன்றிலிருந்து அவள் கேட்டது ஒன்றைத்தான். வின்டர் டயர்.

"ஆல் வீல் டிரைவ் வண்டி நசீ. அதுக்கு எதுக்கு தனி டயரு?" என்பான் மீரான்.

"நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சரி. நிறுத்துறது யாரு? ரப்பர்தானே மச்சான்? குளிர்ல அது பிளாஸ்டிக் மாதிரி ஆயிடுதுன்னு கடைக்காரன் நம்ம ரெண்டு பேர்கிட்டயும்தான் சொன்னான். நீங்க அப்போ போன் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

நவம்பரில் வழி பிறந்தது. ஊர்த் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு 'மூவிங் சேல்' வந்தது. காமாக்ஷி என்று ஓர் அம்மா. வீட்டை விற்றுவிட்டு டெக்சாஸ் போகிறார். சோபா, கிரைண்டர், தோட்டத்து நாற்காலிகள், கடைசி வரியில் ரிம்மோடு சேர்ந்த வின்டர் டயர் நான்கு. படத்தில் டயர்கள் புதிதாக மின்னின. டெக்சாஸில் அவற்றுக்கு என்ன வேலை? மீரான் தனியாகப் போய் வாங்கி வந்து கராஜில் அடுக்கினான்.

இரண்டு மாதம் அங்கேயே கிடந்தன. கடையில் மாட்டலாம் என்றால் மூன்று வாரத்துக்கு இடமில்லை என்றார்கள். ஞாயிறு பனி என்று சனிக்கிழமை போன் அலறியது. மறுநாள் பென்சில்வேனியாவில் நசீமாவின் மாமா வீட்டில் பேரனுக்கு முடியிறக்கிப் பெயர் வைக்கும் அகீகா. போகாமல் இருக்க முடியாது. மீரான் ஒரு வீடியோவைப் போட்டுவைத்துக்கொண்டு, கார் கூடவே வந்த ஜாக்கியால் தூக்கி, நான்கையும் தானே மாட்டினான். நசீமாவுக்கு அவன்மேல் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் விருந்து முடிந்து 3:10க்குக் கிளம்பினார்கள். பனி நன்றாகப் பிடித்துவிட்டது. டயர்கள் சொன்னபடி கேட்டன. மிதித்த இடத்தில் கார் நின்றது. வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்பியது. நசீமா ஒரு வருஷத்துக்குப் பிறகு சீட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

ஒரு பெரிய ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனது.

"அவன்கிட்டயும் ஆல் வீல் டிரைவ் இருக்கும்" என்றாள்.

"குத்திக்காட்டாம வா."

பத்து நிமிஷம் கழித்து அந்த ஜீப்பை மறுபடி பார்த்தார்கள். தலைகீழாகக் கிடந்தது. கூரை நசுங்கி சீட் மட்டத்துக்கு இறங்கியிருந்தது. உடைந்த கண்ணாடி வழியே ஒரு கை வெளியே தொங்கியது. அதன் கீழே பனியில் ஒரு குடம் கொட்டினாற்போல் சிவப்பு, இன்னும் ஆவி பறந்தது. சக்கரங்கள் நான்கும் வானத்தைப் பார்த்தன. டயர்களில் பனி இறுகி, வரிப்பள்ளம் தெரியாமல் வழவழவென்று இருந்தது. போலீஸ்காரர் கையை ஆட்டி எல்லாரையும் ஹைவேயிலிருந்து இறக்கிவிட்டார்.

போன் காட்டிய மாற்றுவழி ஒரு மலைச் சாலை. இரண்டு பக்கமும் மொட்டை மரங்கள். வீடு இல்லை. வேறு கார் இல்லை.

மணி 4:41.

டக்.

நசீமாவுக்குத்தான் முதலில் கேட்டது. பின்பக்கம், வலது.

டக்… டக்…

"என்ன சத்தம் மச்சான்?"

"ஐஸ் ஒட்டியிருக்கும்."

மேட்டில் ஏறும்போது சத்தம் மெதுவானது. இறக்கத்தில் வேகமானது. சக்கரத்தோடு சேர்ந்து வந்தது. ஆனால் ஒரு விஷயம் சரியில்லை. மீரான் ஒரு முறை காரை முழுதாக நிறுத்திப் பார்த்தான். சக்கரம் நின்றது. சத்தம் நிற்கவில்லை.

டக்… டக்… டக்…

அடியிலிருந்து யாரோ தட்டுகிற மாதிரி.

பிறகு அதுவும் நின்றது. மீரான் மறுபடி காரை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் நசீமாவுக்கு ஏதோ பிடிபட்டது. பத்து வருஷக் கல்யாணம். அவன் எதையோ மறைக்கிறபோது கீழுதட்டைக் கடிப்பான்.

"என்ன, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"மச்சான்."

"அந்த டயரு… அந்தம்மாவோட வீட்டுக்காரர் வாங்கினது. சந்தானம்னு பேரு. அவர் தவறிட்டார்."

"எப்படி?"

"போன வருஷம் ஜனவரி. லீவு நாளு. சாயங்காலம் பனி வருதுன்னு அவசரமா இதை மாட்டியிருக்காரு. டிரைவ்வேல வச்சு, தானே. கார் ஜாக்கியிலிருந்து நழுவி மேல விழுந்திருச்சு."

நசீமா சத்தம் வந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"இதை ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வாங்க விட்டிருப்பியா? டயருக்கு என்ன தெரியும் நசீ?"

"அந்தம்மா வேற என்ன சொன்னாங்க?"

அவன் மறுபடி உதட்டைக் கடித்தான். "கடையில கொடுத்து மாட்டுங்க, நீங்களே மாட்டாதீங்கன்னு சொன்னாங்க. அம்பது மைல் ஓட்டினதும் நட்டை மறுபடி டைட் பண்ணணும்னாங்க."

"பண்ணீங்களா?"

அவன் வேகத்தைக் குறைத்தான். அதே சமயம் காரின் பின்பக்கம் ஆடத் தொடங்கியது. இந்த முறை தட்டுகிற சத்தமில்லை. இரும்பு இரும்பை அரைக்கிற சத்தம். சக்கரம் கழன்றுகொண்டிருந்தது.

4:58. சாலையோரம் நிறுத்தினான். சரிவான இடம். வேறு வழியில்லை. போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது.

இறங்கிப் பார்த்தார்கள். பின் வலது சக்கரத்தில் ஐந்து நட்டும் கையால் சுழற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. ரிம்முக்குப் பின்னால் ஐஸும் துருவும் சேர்ந்திருந்தன. சக்கரத்தைக் கழற்றி, துடைத்து, மறுபடி உட்காரவைத்து முடுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை.

"முன் சக்கரத்துக்குக் கல்லு வைங்க. சரிவா இருக்கு."

"பனிக்குள்ள கல்லுக்கு எங்க போறது? கியர் பார்க்ல இருக்கு. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கேன். நீ லைட்டைப் பிடி."

ஜாக்கி ஏறியது. கார் முனகிக்கொண்டு எழும்பியது. மீரான் சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தான். நட்டுகளைப் பனிமேல் வரிசையாக வைத்தான். நசீமா போன் வெளிச்சத்தைக் காட்டியபடி உதடு அசையாமல் ஓதிக்கொண்டிருந்தாள்.

அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

உஸ்ஸ்ஸ்…

அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கேட்பதுதான். குக்கர் விசில்.

மொட்டை மரங்கள். ஒரு வீடு இல்லை. ஒரு விளக்கு இல்லை.

"கேட்டுச்சா?"

"காத்து."

மீரான் சக்கரத்தைத் தூக்க எழுந்தபோது அவன் பூட்ஸ் பட்டு ஒரு நட்டு நகர்ந்தது. மற்ற நான்கும் இருந்த இடத்தில் இருந்தன. ஐந்தாவது மட்டும் காரடிக்கு உருண்டது. சரிவு முன்பக்கமாக இருந்தது. நட்டு பக்கவாட்டில் போனது.

அது உருளும் சத்தம் கேட்டது. கணீர் கணீரென்று.

பனியில் எப்படிச் சத்தம் வரும்?

"விடுங்க மச்சான். நாலு நட்டு போதும்."

"கை எட்டுற தூரம்தான்."

அவன் படுத்தான். தலையும் இடது தோளும் காரடிக்குள் போயின. நசீமா குனிந்து வெளிச்சத்தைக் காட்டினாள்.

காரடியில் பனி இல்லை.

தார் ரோடும் இல்லை.

சிமென்ட் தரை. காய்ந்த, வெளுத்த சிமென்ட் தரை. நடுவே ஒரு எண்ணெய்க் கறை. ஓரத்தில் யாரோ கூட்டி ஒதுக்கிய காய்ந்த இலைகள். ஒரு வீட்டு டிரைவ்வே.

உஸ்ஸ்ஸ்… இரண்டாவது விசில்.

"மச்சான், வெளிய வாங்க."

"ஒரு நிமிஷம்…"

"வெளிய வாங்க!"

"நசீ." அவன் குரல் மாறியிருந்தது. "நசீ, என் காலரை யாரோ பிடிச்சிருக்காங்க."

அவள் வெளிச்சத்தை இன்னும் தாழ்த்தினாள்.

ஒரு கை.

சக்கரம் மாட்டும் ஹப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீண்டு வந்திருந்தது. சாம்பல் நிறம். நகங்களில் கிரீஸ். நான்கு விரல்களும் மீரானின் ஜாக்கெட் காலரை முறுக்கிப் பிடித்திருந்தன. கைக்குப் பின்னால் இருட்டு. இருட்டுக்குள் மூச்சு வாங்கும் சத்தம். ஈரமான மூச்சு. குமிழி குமிழியாக.

கார் கிறீச்சிட்டது. ஜாக்கி ஒரு விரல்கடை சாய்ந்தது.

நசீமா போனைப் போட்டுவிட்டு மீரானின் கால்களைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் வந்தான். அடுத்த நொடி உள்ளேயிருந்து இழுபட்டு இரண்டு சாண் போனான். அவன் தலை அடித்தகட்டில் இடித்தது. கத்தினான்.

மறுபடி இழுத்தாள். மறுபடி உள்ளே போனான். அவன் கழுத்தில் காலர் இறுகியது. கத்தல் நின்று, கரகரப்பு மட்டும் வந்தது.

"இழுங்க…"

மீரானின் குரல் என்றுதான் நினைத்தாள்.

"இழுங்க… அம்மா… இன்னும் கொஞ்சம்…"

மீரான் அவளை 'அம்மா' என்று கூப்பிடுபவன் இல்லை. அவன் தொண்டையோ இறுகிக் கிடந்தது.

ஜாக்கி இன்னும் சாய்ந்தது. காரின் எடை முழுவதும் அதன் ஓர் ஓரத்தில் நின்றது. மிஞ்சிப்போனால் அரை நிமிஷம். அவ்வளவுதான் இருந்தது அவள் புருஷனுக்கு.

கையில் வீல் ஸ்பேனர் அகப்பட்டது.

முழங்கால் போட்டு உள்ளே பாய்ந்தாள். ஓங்க இடமில்லை. இருந்த இடத்தில் அடித்தாள்.

முதல் அடி. ஆள்காட்டி விரல். எலும்பு முறிவது ஸ்பேனர் வழியே அவள் முழங்கை வரை தெரிந்தது.

இருட்டுக்குள் யாரோ அலறினார்கள்.

இரண்டாவது அடி. தோல் பிளந்தது. வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"வேணாம்… அம்மா… விட்டுடாதீங்க…"

மூன்றாவது.

கை இன்னும் விடவில்லை. ஒற்றை விரல். சுண்டுவிரல். கொக்கி மாதிரி.

உஸ்ஸ்ஸ்…

நான்காவது அடி.

விரல் விட்டது.

நசீமா ஸ்பேனரை எறிந்துவிட்டு இழுத்தாள். இருவரும் பனியில் மல்லாந்து விழுந்தார்கள். ஜாக்கி துப்பாக்கி சுட்டதுபோல் தெறித்துப் போனது. மீரானின் தலை இருந்த இடத்தில் கார் இறங்கியது. தரை அதிர்ந்தது. காரடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தேங்காய் நெற்று உடைகிற சத்தம்.

அப்புறம் ஒன்றுமில்லை.

கீழே கிடந்த போன் தானாக மினுங்கியது.

5:16.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆனது. மீரானின் இடது தோள் கழன்று, தசைநார் அறுந்திருந்தது. கழுத்தைச் சுற்றி கயிறு போட்டதுபோல் ஒரு கோடு. போலீஸ்காரர் காரடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். பனி. பனிக்குக் கீழே தார் ரோடு. யாரும் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "சரிவில் கல் வைக்காமல் ஜாக்கி போடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

நசீமா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மீரானுக்குக் காலர் இறுகியதுவரைதான் நினைவு. ஆபரேஷன் முடிந்து அவன் வீட்டுக்கு வந்தான். அவள் கடையில் நின்று புது வின்டர் டயர் நான்கு மாட்டி, நட்டு ஒவ்வொன்றையும் கடைக்காரர்கள் அளவுக்கருவி வைத்து முடுக்குவதைக் கண்ணால் பார்த்து, ஐம்பது மைல் ஓட்டிவிட்டு மறுபடி கொண்டுபோய்க் காட்டினாள்.

பதினேழு நாள் அடக்கிவைத்துப் பார்த்தாள். முடியவில்லை. வாட்ஸாப் குழுவிலிருந்து நம்பரை எடுத்து காமாக்ஷிக்குப் போன் செய்தாள். டயர் வாங்கின வீடு என்றாள். விபத்து என்று மட்டும் சொன்னாள்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் காமாக்ஷி.

"தோள்ல அடி. பொழைச்சுக்கிட்டாங்க ஆன்ட்டி."

"கடையில கொடுத்து மாட்டச் சொன்னேனேம்மா அவர்கிட்ட."

"எங்கிட்ட அவங்க சொல்லல." நசீமா கொஞ்சம் தயங்கினாள். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கிளுக்கு எப்படி ஆச்சுன்னு…"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் காமாக்ஷி சொன்னார்.

"நான் கிச்சன்ல இருந்தேன். குக்கர் மூணு விசில் வந்ததும் அணைச்சுட்டு காபிக்கு கூப்பிடலாம்னு வெளிய போனேன். கார் அவர் மேல கிடந்துது. எதிர் வீட்டு டோர்பெல் கேமராவுல அவர் கத்தினது பதிஞ்சிருக்கு. 5:16. படத்துல எங்க கார் தெரியாது. சத்தம் மட்டும்தான்."

நசீமா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"விபத்துதானே ஆன்ட்டி?"

"அப்படித்தான் நான் நினைச்சேன். போலீஸ் ஒத்துக்கல."

"ஏன்?"

"நெஞ்சு நசுங்கினது கார் விழுந்ததால. அது சரி. ஆனா வலது கை காருக்கு வெளிய கிடந்துது, அதுமேல எதுவும் விழல. அந்தக் கையில நாலு விரலும் ஒடைஞ்சிருந்துது. ஒவ்வொண்ணா. இரும்பால அடிச்சிருக்கு, கார் விழறதுக்கு முன்னாடியே அடிச்சிருக்குன்னு டாக்டர் எழுதிட்டாரு."

நசீமா ஸ்பேனர் பிடித்த தன் கையைப் பார்த்தாள்.

"வெளிய வர்றதுக்கு யாரையோ பிடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு. விரலை ஒடைச்சு அவரை விட வச்சிருக்காங்க. அவர் பிடிச்சிருந்த ஆள் இழுத்திருந்தா பொழைச்சிருப்பாருன்னாங்க. வீட்டுல இருந்தது நான் ஒருத்திதான். பத்து மாசம் என்னைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு கேட்டாங்க. அதனாலதான்மா அந்த ஊரே வேணாம்னு வந்துட்டேன்."

"இப்போ… கேஸ் முடிஞ்சிடுச்சா ஆன்ட்டி?"

"இல்லம்மா" என்றார் காமாக்ஷி. "அடிச்சவங்களை இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்காங்க."